மடிக்கணினியிலிருந்து வரும் கீச்சொலி: எங்கிருந்து வருகிறது, எப்படிக் குறைப்பது?

இரவுவாசிப்பு:

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் வாங்கிய என் மடிக்கணினியிலிருந்து, விசைப்பலகையின் இடது மேல் மூலையை ஒட்டி, மெல்லியதாயினும் காதைக் குடையும் ஒரு கீச்சொலி வந்துகொண்டே இருக்கிறது. கணினி கடுமையாக உழைக்கும்போது மட்டும் வந்திருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஆனால் ஓர் ஆவணத்தைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது தெளிவாகக் கேட்கிறது. பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தினால் சுருதி மாறுகிறது. காணொளி ஒன்றை ஓடவிட்டால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஒலிபெருக்கியை முழுவதும் அடக்கிப் பார்த்தும் பயனில்லை. திருப்பிக் கொடுப்பதற்கான காலம் இன்னும் முடியவில்லை. இது பழுதின் அறிகுறியா, அமைப்புகளை மாற்றித் தீர்க்கக்கூடியதா, அல்லது இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் நல்லதா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மின்பலகை:

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அனைத்தும் 'காயில் வைன்' (கம்பிச்சுருளின் கீச்சொலி) எனப் பலரும் அழைக்கும் ஒலியைத்தான் சுட்டுகின்றன. அது எப்படிப் பிறக்கிறது என்பது தெரிந்தால், ஏன் சும்மா இருக்கும்போது வருகிறது என்பதும் விளங்கிவிடும்.

மடிக்கணினியின் பேட்டரி தருவது ஏறத்தாழ 11 முதல் 15 வோல்ட் வரையிலான மின்னழுத்தம். கணினியின் மூளையான செயலிக்கு (சிபியு) தேவைப்படுவதோ 1 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம். இடையில் நின்று இந்த அழுத்தத்தைக் குறைக்கும் சுற்றுகள், மின்னோட்டத்தை நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடி, மின்தூண்டி எனப்படும் கம்பிச்சுருள்களின் வழியே செலுத்திச் சீராக்குகின்றன. மின்னோட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் சுருளின் சுற்றுகளுக்கிடையே விசை தோன்றுகிறது. அதன் உள்ளிருக்கும் காந்தப்பொருளும் மிகமிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகிறது. ஆக, சுருள் எப்போதும் அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. திறந்து மூடும் வேகம் சில நூறு கிலோஹெர்ட்ஸாக, அதாவது நொடிக்குச் சில லட்சம் முறையாக, இருக்கும்வரை அந்த அதிர்வு நமக்குக் கேட்பதில்லை, ஏனெனில் மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்தான்.

சிக்கல் தொடங்குவது சுமை குறையும்போது. செயலி ஓய்வில் இருக்கையில் இந்தச் சுற்று இடைவிடாமல் இயங்குவது மின்சாரத்தை வீணாக்கும் என்பதால், சிறிது நேரம் இயங்கிச் சிறிது நேரம் நின்று, கொத்துக்கொத்தாகத் துடிப்புகளை அனுப்பும் முறைக்கு அது மாறிக்கொள்கிறது. ஒவ்வொரு துடிப்பும் வேகமானதுதான் என்றாலும், கொத்துகள் வந்துபோகும் வேகம் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது, அதாவது நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கே அது வந்து சேரக்கூடும். காணொளி ஓடும்போது சுமை கூடுவதால் சுற்று இடைவிடாத இயக்கத்துக்குத் திரும்புகிறது. உங்களுக்கு ஒலி நின்றுபோவதாகத் தோன்றுவது அதனால்தான்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். பெயர் காயிலுக்குப் போனாலும், மடிக்கணினிகளில் பல வேளைகளில் உண்மைக் குற்றவாளி, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சிறு உறுப்பான பீங்கான் மின்தேக்கிதான். எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் வகைப் பீங்கான் மின்தேக்கிகளில் இருக்கும் பேரியம் டைட்டனேட், மின்னழுத்தம் மாறும்போது தன் வடிவத்தை நுண்ணளவில் மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. அரிசிமணியினும் சிறிய அந்த உறுப்பு தனியே எழுப்பும் ஒலி மிக அற்பமானது. ஆனால் அது இரு முனைகளிலும் கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பலகையையும் சேர்த்து வளைக்கிறது. வீணையின் தந்திக்குக் குடம் எப்படியோ அப்படி, மதர்போர்டு அதற்கு ஒலிப்பெட்டியாகிவிடுகிறது. இவ்வளவும் பழுதல்ல. இப்படி ஒலிக்கும் கணினி இதனால் மட்டும் விரைவில் கெட்டுப்போகும் என்று கருதக் காரணமில்லை.

பழுதுநீக்குநர்:

மேலே உள்ள விளக்கம் சரியானது. ஆனால் வாடிக்கையாளர்கள் 'கீச்சொலி' என்று கொண்டுவரும் கணினிகளில் கணிசமானவற்றுக்குக் காரணம் வேறாக இருப்பதைப் பார்த்துவருகிறேன் என்பதால், அமைப்புகளில் கைவைக்கும் முன் சில சோதனைகளைச் செய்துவிடச் சொல்வேன்.

முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். ஒலி நின்றால், அதை மீண்டும் இணைத்து, கணினியைவிட்டு எட்டிப்போய்ச் சார்ஜரின் பக்கத்தில் காதை வையுங்கள். பேட்டரி முழுதாக நிறைந்தபின் சார்ஜரின் சுமை வெகுவாகக் குறைவதால், மின்பலகை சொன்ன அதே கொத்து முறை அங்கேயும் நிகழ்கிறது. அப்படியானால் அதே திறனும் அதே மின்னழுத்தமும் கொண்ட வேறொரு நல்ல சார்ஜரை இணைத்துப் பார்த்தால் போதும். சார்ஜரை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்.

அடுத்தது மின்விசிறி. இறக்கைகளின் எண்ணிக்கையை ஒரு நொடிக்கான சுழற்சியால் பெருக்கினால் அது எழுப்பும் ஒலியின் அதிர்வெண் கிடைக்கும்: 37 இறக்கைகள் நிமிடத்துக்கு 4500 முறை சுழன்றால் 2775 ஹெர்ட்ஸ். இதுவும் கீச்சொலிதான். ஆனால் விசிறியின் சுருதி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். சக்கரம் உடனே வேகம் மாறாதல்லவா? பக்கத்தை நகர்த்திய கணமே சுருதி மாறுகிறதென்றால் அது விசிறியாக இருக்க முடியாது.

சுழலும் வன்தட்டு உள்ள பழைய கணினியானால் விஷயம் வேறு. அதில் புதிதாகக் கீச்சொலி எழுந்தால் காரணத்தை ஆராய்வதற்கு முன் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். விசிறியோ வன்தட்டோ எழுப்பும் புதிய ஒலி தேய்மானத்தின் அறிகுறியாக இருக்கலாம். மின்தூண்டியின் ஒலிக்கு அந்தப் பொருள் கிடையாது.

எளியவழி:

இவ்வளவு ஆராய்ச்சி தேவைதானா? எல்லா மின்னணுக் கருவிகளும் ஏதோ ஒரு ஒலியை எழுப்பத்தான் செய்கின்றன. என் வீட்டில் நான்கு பேர் ஒரே மடிக்கணினியைப் பயன்படுத்துகிறோம். அதில் ஒலி வருவதாக மகள் மட்டுமே சொல்கிறாள், எங்கள் மூவருக்கும் எதுவும் கேட்பதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம் என்பதே என் கருத்து.

ஒலிப்பதிவாளர்:

எளியவழி அவர்களே, உங்கள் மகள் சொல்வது முற்றிலும் உண்மையாக இருக்கலாம். வயது ஏற ஏற முதலில் மங்குவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன்தான். பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் 15,625 ஹெர்ட்ஸில் ஓயாமல் கீச்சிட்டதைச் சிறுவர்கள் அடுத்த அறையிலிருந்தே உணர்ந்தார்கள். எதிரே அமர்ந்திருந்த பெரியவர்கள் பலருக்கு அப்படியொரு ஒலி இருப்பதே தெரியாது.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. நீங்கள் கணினியைச் சேவை மையத்துக்கு எடுத்துச் சென்றால், குளிர்சாதனமும் பேச்சுச் சத்தமும் நிறைந்த இடத்தில் அங்கிருப்பவர் 'எதுவும் கேட்கவில்லையே' என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. அவருக்கு உண்மையிலேயே கேட்காமல் இருந்திருக்கலாம். ஆகவே சான்றோடு செல்லுங்கள். ஒலியை அதிர்வெண்வாரியாக வரைந்து காட்டும் நிரல் ஒன்றைக் கைப்பேசியில் நிறுவி, அமைதியான அறையில் விசைப்பலகைக்கு மிக அருகே பிடித்தால், கீச்சொலி தனியாக உயர்ந்து நிற்கும் கோடாகத் தெரியும். கைப்பேசிகள் பொதுவாக நொடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகள் எடுப்பதால், காதுக்கு எட்டும் எதுவும் அதற்குத் தப்பாது. அந்தக் கோடு காணொளி ஓடும்போது மறைவதையும் ஒரே பதிவில் எடுத்துவிட்டால் வாதத்துக்கு இடமிருக்காது. ஒலி பிறக்கும் இடத்தைக் கண்டறிய, ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை விசைப்பலகையின் மீதும் வைத்து மெல்ல நகர்த்திப் பாருங்கள்.

இரவுவாசிப்பு:

அனைவருக்கும் நன்றி. சோதனைகளைச் செய்துவிட்டேன். சார்ஜர் இணைந்திருந்தாலும் கழன்றிருந்தாலும் ஒலி வருகிறது. பேட்டரியில் இயங்கும்போது சற்று மிகுதியாகவே இருக்கிறது. விசிறி அடியோடு நின்றிருக்கும் நேரத்திலும் கேட்கிறது. தாள்குழாயால் தேடியதில் செயலிக்கு இடப்புறமே தெளிவாக ஒலிக்கிறது. கைப்பேசி வரைபடத்தில் ஒரே கோடு இல்லை. 1000 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கடுக்காகப் பல கோடுகள் தெரிகின்றன. இதற்குப் பொருள் ஏதும் உண்டா?

பெங்குவின்பயனர்:

அந்த 1000 ஹெர்ட்ஸ் இடைவெளிதான் இந்த இழையிலேயே மிகப் பயனுள்ள துப்பு. ஏதோ ஒன்று உங்கள் செயலியை நொடிக்கு ஆயிரம் முறை எழுப்பி எழுப்பித் தூங்கவைக்கிறது.

செயலிக்கு வேலையில்லாதபோது அது 'சி-ஸ்டேட்' எனப்படும் ஓய்வு நிலைகளுக்குப் படிப்படியாக இறங்குகிறது; எண் கூடக்கூட உறக்கம் ஆழமாகிறது, மின்தேவை குறைகிறது. ஆழ்ந்த நிலையிலிருந்து ஒவ்வொரு முறை எழும்போதும் மின்னோட்டம் சட்டென்று தாவுகிறது. எழுப்புதல் சீரான இடைவெளியில் நடந்தால் அந்தத் தாவல்களே ஒரு சுரமாகிவிடும். 2006ஆம் ஆண்டில் இன்டெலின் கோர் டியோ செயலிகளோடு வந்த மடிக்கணினிகளில் இந்தப் புகார் பரவலாக எழுந்தது. யுஎஸ்பி சுட்டியைச் செருகினாலோ கேமராவை இயக்கினாலோ ஒலி நின்றுவிடுவதைப் பயனர்கள் தாங்களே கண்டுபிடித்தார்கள்; அந்தக் கருவிகளின் போக்குவரத்து செயலியை ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகவிடாமல் தடுத்ததே அதன் ரகசியம். லினக்ஸ் இயங்குதளத்தில் அக்காலத்தில் செயலியை எழுப்பும் கடிகாரத் துடிப்பு நொடிக்கு 1000 முறைவரை அமைந்திருந்ததும் ஒரு காரணமாக இருந்தது. 2007இல் வந்த 2.6.21 பதிப்பில், வேலையில்லாதபோது துடிப்பையே நிறுத்திவைக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

விண்டோஸில் கடிகாரத்தின் இயல்பான இடைவெளி ஏறத்தாழ 15.6 மில்லிநொடி, ஆனால் எந்த நிரலும் அதை 1 மில்லிநொடியாகக் குறைக்கும்படி கேட்க முடியும். உலாவிகளும் அரட்டை நிரல்களும் இசை நிரல்களும் அப்படிக் கேட்பதுண்டு. நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளையால் ஆற்றல் அறிக்கையை உருவாக்கினால், எந்த நிரல் அந்தக் கோரிக்கையை விடுத்தது என்பது அதில் இருக்கும். பின்னணியில் இருக்கும் நிரல்களை ஒவ்வொன்றாக மூடி, எதை மூடும்போது ஒலி மாறுகிறது என்று கேட்பதும் ஒரு வழிதான். சுட்டியையும் கழற்றிப் பாருங்கள். விளையாட்டாளர்களுக்கான சில சுட்டிகள் நொடிக்கு 1000 முறை தம் நிலையைத் தெரிவிக்கின்றன.

நிரலால் தீராவிட்டால், கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் சி-ஸ்டேட் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் பயனர்கள் கெர்னல் எனப்படும் இயங்குதள மையத்துக்கான அளவுருவாலேயே ஆழ்ந்த நிலைகளுக்கு வரம்பிடலாம். செயலி ஆழ்ந்து உறங்காவிட்டால் தாவலும் இல்லை, ஒலியும் இல்லை.

மின்பலகை:

நண்பர் சொல்லும் கடைசி வழி வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். மடிக்கணினி பேட்டரியில் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதே இந்த ஆழ்ந்த உறக்கத்தால்தான். அதை அடியோடு தடுத்தால் சும்மா இருக்கும் கணினியும் சூடேறும், விசிறி ஓயாமல் சுழலும். கீச்சொலிக்குப் பதிலாக விசிறியின் இரைச்சலை வாங்கிக்கொண்டவர்களாவோம். ஆகவே எல்லா நிலைகளையும் மூடாமல், மிக ஆழமான நிலையை மட்டும் முதலில் தடுத்துப் பார்க்க வேண்டும். பல கணினிகளில் அதுவே போதுமானதாக இருக்கும். இயன்றால் சார்ஜரில் இயங்கும்போது மட்டும் அந்த வரம்பு செயல்படுமாறு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் மற்றொரு வழி, விண்டோஸ் மின்திட்டத்தில் செயலியின் குறைந்தபட்ச நிலையை 100 விழுக்காடாக்குவது. இது குறித்து எனக்கு நம்பிக்கை குறைவு. அந்த அமைப்பு செயலி விழித்திருக்கும்போது ஓடும் வேகத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. உறங்குவதை அது தடுப்பதில்லை. சில கணினிகளில் சுருதி மாறியதால் சிலருக்குப் பலன் கிடைத்திருக்கலாம். இரவுவாசிப்பு அவர்களின் சிக்கலுக்கு அது மருந்தல்ல என்றே நினைக்கிறேன்.

சட்டகவேகம்:

என் கணினியில் நிலைமை நேர் எதிரானது. சும்மா இருக்கும்போது அமைதி. விளையாட்டைத் திறந்து, அதுவும் ஆடத் தொடங்கும் முன் வரும் பட்டியல் திரையில், அலறல். அதற்கும் இதே விளக்கம் பொருந்துமா?

மின்பலகை:

பொருந்தும், இங்கே பாடுவது, திரைக்கான படங்களை வரையும் வரைகலைச் செயலியின் மின்தூண்டிகள். பட்டியல் திரையில் வரைவதற்கு அதிகம் இல்லாததால் நொடிக்குப் பல நூறு சட்டகங்களை (அடுத்தடுத்துத் தோன்றும் முழுத்திரைப் படங்களை), சிலபோது ஆயிரத்துக்கும் மேல், அது வரைந்து தள்ளுகிறது. ஒவ்வொரு சட்டகத்துக்கும் மின்னோட்டம் ஒருமுறை ஏறி இறங்குகிறது. சட்டக வேகத்தைத் திரையின் புதுப்பிப்பு வேகத்துக்கு, அதாவது 60 அல்லது 144 என்ற அளவுக்கு, வரம்பிட்டுவிடுங்கள். பட்டியல் திரையில், காட்ட முடியாத சட்டகங்களை வரைவதால் உங்களுக்கு மின்செலவைத் தவிர வேறொன்றும் கிடைக்கப்போவதில்லை. ஒலி செயலியின் பக்கமிருந்து வருகிறதென்றால், மின்திட்டத்தில் அதிகபட்ச நிலையை 99 விழுக்காடாக்கிப் பாருங்கள்; பல கணினிகளில், செயலி இயல்பைவிட வேகமாக ஓடும் டர்போ வேகம் அதனால் நின்றுவிடும், மின்னோட்டத்தின் உச்சமும் தணியும்.

கைவினை:

மின்தூண்டிகளின் மீது பசையோ வார்னிஷோ பூசினால் அதிர்வு அடங்கிவிடும் என்று படித்தேன். யாரேனும் செய்து பார்த்ததுண்டா?

பழுதுநீக்குநர்:

கொள்கை சரி; மடிக்கணினியில் செய்ய வேண்டாம் என்பதே என் அறிவுரை. காற்றிடைவெளியோடு திறந்திருக்கும் பெரிய சுருளில் பசை உள்ளே இறங்கிச் சுற்றுகளைப் பிணைக்கும். இன்றைய மடிக்கணினிகளில் இருப்பவை பெரும்பாலும் காந்தத்தூளோடு சேர்த்தே வார்க்கப்பட்ட, மூடிய கட்டிகள். அவற்றின் மேற்பரப்பில் பூசுவதால் உள்ளே எதுவும் மாறாது. பாடுவது பீங்கான் மின்தேக்கியென்றால் நீங்கள் பூசிய இடமே தவறு. சூட்டில் உருகும் பசைக்குச் செயலியின் அருகே வேலையே இல்லை. இவற்றோடு உத்தரவாதமும் போய்விடும்.

ஓரளவு ஏற்கத்தக்க வழி, மின்தூண்டிக்கும் கீழ்மூடிக்கும் இடையே மின்கடத்தாத, மென்மையான வெப்பத்திண்டை (தெர்மல் பேட்) வைப்பது. அது அதிர்வைச் சிறிது விழுங்கிக்கொள்ளும். ஆனால் திண்டின் தடிமன் அளவு மீறினால் பலகையை அழுத்தி வளைத்துவிடும்; வெப்பக்கடத்தி செயலியின் மேல் சரியாகப் படியாமலும் போகலாம். உத்தரவாதக் காலம் முடிந்த கணினிக்கு மட்டுமே இதைச் சொல்கிறேன். எதைச் செய்தாலும் கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரியின் இணைப்பையும் பிரித்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

வெளிச்சம்:

திரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. என் கணினியில் வெளிச்சத்தைக் குறைத்தால் திரையின் அடிப்பகுதியிலிருந்து ரீங்காரம் எழுகிறது; முழு வெளிச்சத்தில் நின்றுவிடுகிறது.

பழுதுநீக்குநர்:

பின்னொளியை வேகமாக அணைத்து ஏற்றியே பல திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. அந்த வேகம் கேட்கும் எல்லைக்குள் இருந்தால் ரீங்காரம் வரும். முழு வெளிச்சத்தில் அணைப்பே இல்லாததால் ஒலியும் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டி வைத்துவிட்டு, வரைகலை அமைப்பில் நிறங்களின் அடர்த்தியைத் தணித்துக்கொள்ளலாம். சற்று மின்செலவு கூடும். எல்இடி வருவதற்கு முந்தைய, குழல்விளக்குப் பின்னொளி கொண்ட பழைய திரையானால் அந்த விளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இன்வெர்ட்டர் பலகையே பாடக்கூடும். அதில் பல நூறு வோல்ட் ஓடுகிறது, தொடாதீர்கள்.

இரவுவாசிப்பு:

ஆற்றல் அறிக்கை வந்தது. பின்னணியில் ஓடிய அரட்டை நிரல் ஒன்று 1 மில்லிநொடி இடைவெளியைக் கேட்டிருந்தது. அதை மூடியதும் அடுக்குக் கோடுகள் மறைந்தன. ஒலி வெகுவாகத் தணிந்தது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. பயாஸில் சி-ஸ்டேட் அமைப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை. நான் பெரும்பாலும் அமைதியான நேரத்தில் படிப்பவன் என்பதால் எஞ்சிய ஒலியும் உறுத்துகிறது. திருப்பிக் கொடுத்தால் அதே வகைக் கணினி மீண்டும் இதே ஒலியோடு வருமா?

பழுதுநீக்குநர்:

வரலாம், வராமலும் போகலாம். ஒரே வகையில் அடுத்தடுத்து உருவான இரண்டு கணினிகளில் ஒன்று பாடும், மற்றது அமைதியாக இருக்கும்; உறுப்புகளின் நுண்ணிய வேறுபாடும் பலகை இறுக்கப்பட்ட விதமும் அதை முடிவு செய்கின்றன. உங்களுக்கு முக்கியமானது எந்த வழியில் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்பதே. உத்தரவாதத்தின்கீழ் கொண்டுபோனால் 'இது இயல்பான அளவுக்குள் உள்ளது' என்ற பதில் கிடைப்பது வழக்கம்; பலகையை மாற்றித் தந்தாலும் அமைதியான பலகை வரும் என்பதற்கு உறுதியில்லை. காரணம் கேட்காமல் திருப்பிப் பெறும் காலம் எஞ்சியிருக்கும்போதே அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொள்வதுதான் நல்லது. மாற்றுக் கணினி வந்ததும், எந்த நிரலையும் நிறுவும் முன் அமைதியான அறையில் பேட்டரியில் இயக்கிக் கேட்டுவிடுங்கள்.

இரவுவாசிப்பு:

அப்படியே செய்கிறேன். கோரிக்கையை அனுப்பிவிட்டேன், ஒலிப்பதிவாளர் சொன்னபடி வரைபடத்தையும் இணைத்திருக்கிறேன்.

எளியவழி:

இழை முடியும் முன் ஒரு கேள்வி. ஹெட்போனை மாட்டிக்கொள்ளச் சொன்ன எனக்கே இப்போது ஹெட்போனுக்குள் கீச்சொலி கேட்கிறது. சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் வருகிறது. சுட்டியை அசைத்தால் அதுவும் அசைகிறது. இதுவும் அதே வகைதானா?

ஒலிப்பதிவாளர்:

இது வேறு. இங்கே எதுவும் அதிரவில்லை; கணினியின் மின்இரைச்சல் ஒலிச்சுற்றுக்குள் புகுந்து, ஹெட்போன் வழியே ஒலியாக வெளிவருகிறது. கணினியோடு தனி மின்இணைப்புள்ள ஒலிபெருக்கியும் இணைந்திருந்தால், இரண்டின் தரைஇணைப்புகளும் சேர்ந்து ஒரு வளையமாகி இரைச்சலை உள்ளே இழுத்துவரும். ஒலிக்கம்பியின் நடுவே தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்றைச் செருகினால் அது அறுபடும். சார்ஜர் பிளக்கின் தரைமுனையை உடைத்துவிடச் சொல்லும் அறிவுரையை மட்டும் கேட்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. ஹெட்போன் மட்டும் இருக்கும்போதும் வருகிறதென்றால் வேறொரு சார்ஜரால் சோதியுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் யுஎஸ்பி வழியே இயங்கும் வெளி ஒலிக்கருவி ஒன்று, ஒலிச்சுற்றை இரைச்சல் மிகுந்த பலகையைவிட்டு வெளியே கொண்டுவந்துவிடும். பாடல் நின்ற சில நொடிகளில் 'டிக்' என்ற ஓசையோடு இரைச்சல் அடங்கி, அடுத்த பாடலில் மீண்டும் வருகிறதென்றால், ஒலிச்சில்லு மின்சேமிப்புக்குப் போய்வருகிறது என்று பொருள். அதன் இயக்கி அமைப்பில் மின்சேமிப்பை நிறுத்திவிட்டால் அந்த 'டிக்' ஓசை போய்விடும், சார்ஜரால் வரும் கீச்சொலி போகாது.